அழுதால் பிள்ளைக்கு ஆகாதா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 26. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். தலைப்பிரசவம், இப்போது ஏழாம் மாதம். நான்காம் மாதம் நடக்கும்போது என் அப்பா மாரடைப்பில் திடீரென்று இறந்துவிட்டார். மாசமாக இருப்பவள் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று என்னை அனுப்பவில்லை. வீடியோ காலில்தான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து அழாத நாளே இல்லை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அத்தை நல்லவர்தான். உளுந்தங்களி கிண்டித் தருவார், கனமான வேலை எதுவும் செய்யவிட மாட்டார். ஆனால் நான் அழுதால், "நீ அழுதா வயித்துப் பிள்ளையும் அழும், பொறந்தும் அழுமூஞ்சியாத்தான் இருக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்றார். யூடியூபில் ஒரு டாக்டரே, தாயின் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குழந்தையின் மூளைக்குப் போய்விடும் என்கிறார். அதனால் இப்போது பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. குழந்தை உதைப்பதைத் தொட்டுப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஸ்கேன் எல்லாம் நார்மல். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அதில் அம்மா எனக்கு வளையல் போடக் கூடாதாம். என் பிள்ளைக்கு நான் ஏற்கெனவே கெடுதல் செய்துவிட்டேனா? சில நேரம் அப்பாகூடவே போய்விட்டால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதை நாளைக்குப் பேசினாலும் ஆகும், அதைத் தள்ளிப்போட முடியாது.

"அப்பாகூடவே போய்விட்டால் நல்லது." பெற்றவரைப் பறிகொடுத்த பலர் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அது, அவரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்கிற ஏக்கம். சிலருக்கு உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போகிற நிலை. உங்களுக்கு எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமலும் இருக்கலாம். இரண்டாவது என்றாலும் சரி, எதுவென்று புரியவில்லை என்றாலும் சரி, இன்று ராத்திரியே கணவருக்குப் போன் போட்டு அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அத்தையைப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். ஏதாவது செய்துகொள்வேனோ என்ற பயமே வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடுப்பு வலி கண்டால் மணி இரண்டா மூன்றா என்று யாராவது பார்ப்பார்களா? இதற்கும் அதே அவசரம்தான்.

வெளியே சொன்னால் அந்த எண்ணம் பெருகிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அது குறையத்தான் செய்கிறது. நீங்கள் எழுதிவிட்டீர்கள், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிட்டீர்களா? இல்லை. அப்பா போனதற்கு மகள் அழுதால் பேரப்பிள்ளை மந்தமாகும் என்றால், நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மந்தமாகத்தான் இருக்க வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கும்போது ஒரு சாவையாவது பார்க்காத அம்மாக்கள் எத்தனை பேர்?

அந்த யூடியூப் டாக்டர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார். அவர் சொல்கிற ஹார்மோனுக்குக் கார்டிசால் என்று பெயர். கர்ப்பம் என்றாலே அது ஏறும். கடைசி மாதங்களில் வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், சிரித்துக்கொண்டே இருக்கிற பெண்ணுக்கும்தான். அதற்கென்றே நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் காவலுக்கு இருக்கிறது. தாயின் ரத்தத்தில் வரும் கார்டிசாலில் பெரும்பகுதியை வேலை செய்யாத பொருளாக மாற்றிய பிறகுதான் உள்ளே விடும். இன்னொன்று, குழந்தையின் நுரையீரல் முற்றுவதற்கே கடைசி வாரங்களில் இந்த ஹார்மோன் வேண்டும். குறைமாதத்தில் வலி கண்டவர்களுக்கு "நுரையீரல் ஊசி" போடுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இருப்பது இதே வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துதான். விஷமென்றால் ஊசியில் ஏற்றுவார்களா?

அப்படியானால் அம்மாவின் மனநிலைக்கும் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறொரு வீடியோவைப் பார்த்துவிட்டு என்னையும் நம்பமாட்டீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தையும் சுற்றுப்பகுதியையும் சேர்ந்த ஏறக்குறைய 14,000 கர்ப்பிணிகளை 1991, 1992 வாக்கில் சேர்த்துக்கொண்டு, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பகாலத்தில் மிக அதிகப் பதற்றத்தில் இருந்த அம்மாக்களின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் அடம், அதிகப் பயம், ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு மாதிரியான சிக்கல்கள் இரண்டு மடங்கு தெரிந்தன. இரண்டு மடங்கு என்றதும் வயிறு கலங்கும். கணக்கைப் பாருங்கள். நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு இருப்பது பத்துப் பன்னிரண்டு பேருக்கு இருந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாக்களின் பிள்ளைகளிலும் கிட்டத்தட்ட 88 பேர் எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்தார்கள். வீடியோவில் இந்த 88 பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து டாக்டர்களாகிய நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், கர்ப்பிணிகளின் மனசையும் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல ஒவ்வொரு செக்கப்பிலும் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் அது கடைசியில் "அழாதே, பிள்ளைக்கு ஆகாது" என்ற அதட்டலாகக் கர்ப்பிணியின் தலையிலேயே வந்து விழுகிறது. துக்கத்தோடு இப்போது குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. குழாயைத் திறந்துவிட்டு அழுகிற நிலைக்கு உங்களைக் கொண்டுபோனது அதுதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பிணியைச் சாவு வீட்டுக்கு அனுப்பாத வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்திருக்கும். கூட்டம், பட்டினி, ராத்திரி முழிப்பு, தொற்றுநோய். ஆனால் போனது பக்கத்துத் தெருத் தாத்தா இல்லையே, பெற்ற அப்பா. ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, முகத்தைப் பார்க்கவிட்டு, அரைமணி நேரத்தில் கூட்டி வந்திருக்கலாம் என்பது என் கருத்து. நம் கிராமங்களில் ஒப்பாரி என்று ஒன்று இருந்தது. பொம்பளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு, பாட்டாகவே அழுது தீர்த்தார்கள். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஐந்தங்குல ஸ்கிரீனில் அப்பா முகம், அதுவும் நெட்வொர்க் விட்டுவிட்டு வந்திருக்கும். மனசு அவர் போனதை இன்னும் முழுசாக நம்பவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

இப்போதும் நேரம் போய்விடவில்லை. ஏழாம் மாதம் பயணத்துக்கு உங்கள் மகப்பேறு டாக்டர் சரி என்றால், இரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள். அந்த நாள் காலையிலிருந்து என்ன நடந்தது, கடைசியாக என்ன பேசினார், என்ன சாப்பிட்டார் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் சொல்ல ஆள் வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண், அப்பா சட்டைப் பையில் மடங்கிக் கிடந்த ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதாராம். "அன்னிக்கு ராத்திரிதான் டாக்டர் தூங்குனேன்" என்றார். வெளியே வருகிற அழுகைக்குப் பயப்படாதீர்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் எல்லாமே துக்கம் என்று நான் நினைக்கவில்லை. துக்கம் அலை மாதிரி வரும், போகும். இடையில் ஒரு டீ ருசிக்கும், ஒரு சிரிப்பு வரும், இறந்தவரைப் பற்றிப் பேசினால் ஆறுதலாக இருக்கும். டிப்ரெஷன் என்கிற மனச்சோர்வு அப்படி விட்டுவிட்டு வராது. பெரும்பாலான நேரமும் மூட்டமாகவே இருக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும், எதிலும் பிடிப்பு இருக்காது, பழி எல்லாம் தன் மேலேயே வந்து விழும். உங்கள் மூன்று மணி முழிப்பு, இறங்காத சோறு, கெடுதல் செய்துவிட்டேனா என்ற கேள்வி, அந்தக் கடைசி வரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், துக்கம் மனச்சோர்வாகத் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். ஏழாம் மாதத்தில் எல்லாருக்கும்தான் தூக்கம் கெடும், சிறுநீர் முட்டும், கெண்டைக்கால் பிடிக்கும். ஆனால் அவர்கள் திரும்பிப் படுத்தால் தூங்கிவிடுவார்கள். நீங்கள் விடியும்வரை விழித்துக் கிடக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் இதுதான் என்று முத்திரை குத்த முடியாது, ஆனால் கட்டாயம் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

இது உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல், பிரசவித்தவர்களில் ஏறக்குறைய 20 பேர், ஏதாவது ஒரு மனநலச் சிக்கலில், பெரும்பாலும் மனச்சோர்வில், தவிக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் வேலூர் பக்கத்துக் கிராமங்களிலேயே கடைசி மூன்று மாதத்தில் இருந்த பெண்களைப் பார்த்து, பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்தில் திரும்பவும் பார்த்தார்கள். 2002-ல் வெளிவந்த ஆய்வு அது. நூற்றில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பாருங்கள்: வருமானம் குறைந்தவர்களுக்கு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடோ பெற்றவர்களோடோ உறவு சரியில்லாதவர்களுக்கு, கர்ப்பத்தின்போது பெரிய இழப்பைச் சந்தித்தவர்களுக்கு, கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்களுக்கு. மனவலிமை இல்லாதவர்களுக்கு வருகிறது என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் காரணம் இந்தப் பட்டியலில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புவார்கள். பத்தே கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கிறது. 1987-ல் எடின்பரோவில் உருவாக்கியது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்கிற மாதிரி கேட்கும். பத்தாவது கேள்வி உங்கள் கடைசி வரியைப் பற்றியது, அதற்கும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு முழுங்கிக்கொண்டிருந்தால் அப்படி டீயோடு முழுங்குவதை முதலில் நிறுத்துங்கள், டீ சத்தை ஏறவிடாது.

சிகிச்சை என்றால் மாத்திரைதான் என்று நினைக்க வேண்டாம். பேச்சு வழிச் சிகிச்சையே பலருக்குப் போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் மாதிரி வீடு வீடாகப் போகிற பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு ஒன்பதாம் மாதத்திலிருந்து அனுப்பினார்கள். மனநல டாக்டர் யாரும் போகவில்லை. போய் உட்கார்ந்து பேசினார்கள்: உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய், பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறாய், உன் பக்கம் யார் இருக்கிறார்கள். பிரசவம் முடிந்து ஆறாவது மாதத்தில் பார்த்தபோது, வெறுமனே வீட்டுக்குப் போய்வந்த ஊர்களில் நூற்றுக்கு 53 பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். இப்படிப் பேசிய ஊர்களில் 23 பேர்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது, தடுப்பூசியும் ஒழுங்காகப் போட்டார்கள். 2008-ல் வெளிவந்தது. அம்மா தேறினால் அதன் பலன் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னாலும் பயப்பட வேண்டாம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பல வருஷமாகக் கொடுத்துப் பழகிய மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மனநல மருந்துகளும் உண்டு, அதனால்தான் பக்கத்து மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள் என்கிறேன். தொடங்கினதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒருவேளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று சிலர் பயந்தே வராமல் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்குவதற்கென்றே தனி வார்டு இருக்கிறது. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து, உதைக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்றது. இதைச் சொல்லத்தான் உங்களுக்கு மிகவும் கூச்சமாக இருந்திருக்கும். முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். அசைவு இருக்கிறது, மனசில் சந்தோஷம் வரவில்லை என்றால் அது என் துறை, மனநலம். அசைவே குறைந்துவிட்டது, வழக்கம்போல் இல்லை என்றால் உடனே, அன்றைக்கே, மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சந்தோஷம் வராதது பாசம் இல்லாததால் இல்லை. மனச்சோர்வு எல்லாவற்றின் ருசியையும் எடுத்துவிடும், உளுந்தங்களியின் ருசியை எடுத்ததுபோல இதையும் எடுத்திருக்கிறது. மனச்சோர்வே இல்லாத பெண்களில்கூட, பிள்ளையைக் கையில் வாங்கியதும் பாசம் பொங்கும் என்று காத்திருந்து, வெறும் அசதியை மட்டும் உணர்ந்தவர்கள் நிறைய. சில வாரம் பால் கொடுத்து, துணி மாற்றி, கண் முழித்து, அப்புறம்தான் மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அது முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஏழாம் மாதத்தில் அதற்குக் காது கேட்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு அம்மாவின் குரலையும் வேறொரு பெண்ணின் குரலையும் மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினார்கள், 1980-ல். வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றினால் அம்மா குரல் வரும்படி வைத்திருந்தார்கள். குழந்தைகள் சப்பும் வேகத்தையே மாற்றி அம்மா குரலை வரவழைத்துக்கொண்டன. நீங்கள் அழும் குரலையும் அது கேட்டிருக்கும். அதற்கு அது அம்மா குரல், அவ்வளவுதான்.

பிறந்த பிறகு முகம் பார்த்துப் பேசுவதுதான் பிள்ளையின் மூளைக்கு முக்கிய ஆகாரம். மடியில் போட்டால் உங்கள் முகம் அதற்கு ஒரு சாண், ஒன்றேகால் சாண் தூரத்தில் இருக்குமே, பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிவதே அந்தத் தூரம்தான். எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மாவைத் திடீரென்று இரண்டு நிமிஷம் முகத்தைக் கல்போல் வைத்துக்கொள்ளச் சொன்னார். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். இந்த வீடியோவும் உங்கள் கண்ணில் பட்டுத் தொலைக்கும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அதே ட்ரானிக் சொன்ன இன்னொரு விஷயம், எந்தச் சிக்கலும் இல்லாத அம்மாவும் பிள்ளையும்கூட நூற்றில் முப்பது பங்கு நேரம்தான் சரியாக ஒத்துப்போகிறார்கள். மீதி நேரம் ஒருவர் சிரிக்க ஒருவர் கொட்டாவி விடுவது, பிறகு சரிசெய்து கொள்வது. தவறிப்போவதும் திரும்பிப் பிடிப்பதுமாகத்தான் பிள்ளை பழகுகிறது. நாள் முழுக்கச் சிரித்த முகம் யாருக்கும் முடியாது.

கைக்குழந்தையோடு என் ஓபிக்கு வந்த ஒரு பெண் ஞாபகம் வருகிறார். மூன்று மாதக் குழந்தை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டிதான் எல்லாம் செய்தார், காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவதிலிருந்து. நான் பாட்டியிடம், குளிப்பாட்டும்போது மகளையும் எதிரில் உட்காரவைத்து, அவர் கையால் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், கூட மருந்தும் கொடுத்தேன். ஏழெட்டு வாரம் கழித்து வந்தபோது, சீட்டை வாங்கக் குனிந்தவரின் மூக்குத்தியைக் குழந்தை பிடித்து இழுத்தது. "ஆ... விடுடா கழுத" என்றார். கரையேறிவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இனி வளைகாப்பு. தாலி அறுத்தவள் வளையல் போடக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. உங்களைச் சுமந்து பெற்றவரின் கை எப்படி ஆகாத கையாகும்? ஆனால் ஒன்பதாம் மாதத்தில் சபை நடுவே உங்களைச் சண்டை போடச் சொல்லமாட்டேன், அந்தப் பாரத்தையும் உங்கள் தலையில் ஏற்ற மனசில்லை. பேச வேண்டியவர் உங்கள் கணவர். "என் பொண்டாட்டிக்கு அவங்க அம்மா போடட்டும்" என்று அவர் தன் அம்மாவிடம் முன்கூட்டியே ஒருவார்த்தை சொன்னால் பல வீடுகளில் நடந்துவிடுகிறது, இப்போது நிறைய இடத்தில் பார்க்கிறேன். நடக்கவில்லை என்றால், முதல்நாள் ராத்திரி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கையால் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் ஊரார் போடுவதெல்லாம் அதற்கு மேல் ஏறட்டும்.

இந்தக் கடிதத்தைக் கணவரும் படித்தால், அவருக்கு இரண்டு வரி. தம்பி, "தைரியமா இரு, அழாதே" என்று போனில் சொல்வதை விடுங்கள். "இன்னைக்கு அப்பா ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை சும்மா இருங்கள். இந்த வாரம் லீவு போட்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சம்பளம் ரெண்டு நாள் போகும், போகட்டும்.

அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அவர் மாமியார் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். களி கிண்டித் தருகிற மனசு இருக்கிறது, பயம்தான் வார்த்தையாக வருகிறது. சுகாதார நிலையத்துக்கு அவரையும் அழைத்துப்போங்கள், அங்கே டாக்டர் வாயால் கேட்டால் மாறுவார். அதற்குள் உங்களால் முடிந்தால், பாத்ரூமுக்குப் போகாமல் அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை அழுது பாருங்கள். அதட்டுவார்தான். அதட்டிக்கொண்டே முந்தானையால் துடைத்தும் விடுவார் என்பது என் ஊகம்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பதில் ஒன்றிரண்டு மட்டும் இப்போதே வீட்டில் சொல்லிவையுங்கள். மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வரும், பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகவில்லை என்றால் திரும்ப வர வேண்டும். உங்களுக்கு இப்போதே இருப்பதால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி ஒருமுறையாவது தொடர்ந்து நாலு மணி நேரம் நீங்கள் தூங்க வேண்டும். பால் கொடுத்ததும் பிள்ளையை அம்மா வாங்கிக்கொள்ளட்டும், ஏப்பம் விடுவதும் துணி மாற்றுவதும் அவர் பொறுப்பு. பார்க்க வருகிற கூட்டத்தை வாசலோடு அனுப்ப ஒரு ஆளைப் போடுங்கள். அப்புறம், ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் இருவருக்கு வருகிற ஒன்று இருக்கிறது: தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, எல்லாரையும் சந்தேகப்பட்டு, இது என் பிள்ளையே இல்லை என்பார்கள். அது காத்துக்கருப்பு இல்லை. பூசாரி, மந்திரிப்பு என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நன்றாகக் குணமாகிற நோய் அது. உங்களுக்கு வரும் என்று சொல்லவில்லை, வீட்டில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்ததும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "கால் வீங்குது டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் அதிகம். உங்களுக்கும் வாய் வராவிட்டால் எனக்கு எழுதியதை அப்படியே எடுத்து நீட்டுங்கள். கடைசி வரி வரைக்கும் அவர்கள் படிக்கட்டும்.